மறுபிறவியை நம்பாமல் புத்தரை வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். ஈரோட்டில் அரசு உதவி பெறும் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். வயது 47. அப்பா பெரியார் இயக்கத்துக்காரர். வீட்டில் சாமி படமே கிடையாது, என் கல்யாணம்கூடத் தாலி இல்லாமல்தான் நடந்தது. அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. 74 வயது அம்மாவுக்கு மறதி நோய். என்னோடுதான் இருக்கிறார். சாயங்காலம் ஆனால் போதும், "உங்கப்பா வந்துட்டாரா கண்ணு?" என்று ஆரம்பித்துவிடுவார். ஏழு மணிக்குள் இருபது தடவையாவது கேட்பார். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "அப்பா செத்து ரெண்டு வருசம் ஆச்சும்மா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல அழுகிறார். போன மாதம் ஒருநாள் கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஆனால் அம்மா முகத்தை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. தம்பி கோவையில் இருக்கிறான். மாதம் ஒருமுறை ஆப்பிளோடு வந்து பார்த்துவிட்டுப் போவான்.

யூடியூபில் 'மதச்சார்பற்ற பௌத்தம்' பற்றிக் கேட்டுவருகிறேன். மனதுக்குப் பொருந்துகிறது. ஆனால் மறுபிறவி, கர்மாவையெல்லாம் தள்ளிவிட்டு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்வது நேர்மையா? பத்து நாள் தியான முகாமுக்குப் போக லீவும் இல்லை, அம்மாவை விட்டுப் போகவும் முடியாது. கல்லூரியில் படிக்கும் மகள் வேறு, "பற்றை விடணும்னா பாட்டியையும் விட்டுடுவியாம்மா?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.
பெயர் வேண்டாம், ஈரோடு.

பதில்: டாக்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மருந்து எழுதும் மருத்துவர் இல்லை, உளவியல் ஆலோசகர். இந்த வித்தியாசம் கடைசியில் தேவைப்படும், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கேள்விகளைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த ஓங்கிய கை. அதை நீங்கள் ஒரு குற்றமாக மனதில் பூட்டி வைத்திருக்கிறீர்கள். எனக்கு அது ஒரு தகவல். அந்தக் கை எங்கிருந்து கிளம்பியது என்று பார்த்தால், நீங்கள் தேடுகிற பௌத்தம் முழுக்க அங்கேயே கிடைக்கும்.

பௌத்தச் சொற்களில் இரண்டு நம் ஆட்களைக் குழப்பிவிடும். ஒன்று துக்கம். நமக்குத் துக்கம் என்றால் சாவு வீடு. 'துக்கம் விசாரிக்கப் போனேன்' என்கிறோம். பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் அந்தச் சொல் அதைவிட அகலம். பிடித்தது நிலைக்காமல் போவது, பிடிக்காதது வந்து ஒட்டிக்கொள்வது, எல்லாம் சரியாக இருக்கும்போதும் ஏதோ குறைவது எல்லாம் அதில் அடக்கம். இரண்டாவது வேதனை. தமிழில் வேதனை என்றால் வலிதான். பாலியில் இன்பமான உணர்வும் வேதனை, துன்பமானதும் வேதனை, இரண்டும் இல்லாததும் வேதனை. இது தெரியாமல் கேட்டால், புத்தர் எந்நேரமும் அழுகையைப் பற்றியே பேசியவர் என்று தோன்றிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், மணிமேகலை இதையெல்லாம் நல்ல தமிழில் எப்போதோ சொல்லிவிட்டது. துன்பம் ஒன்றைச் சார்ந்து ஒன்றாகச் சங்கிலிபோல எப்படி உண்டாகிறது என்று காட்டும் பன்னிரண்டு சார்புகளை அது அடுக்கும்போது நடுவில் வரும் நான்கு சொற்களைப் பாருங்கள்: ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று. ஊறு என்றால் தொடுதல், படுதல். 'சுவைஒளி ஊறுஓசை நாற்றம்' என்று குறளில் படித்தோமே, அந்த ஊறு. நுகர்வு என்பதுதான் பாலியின் வேதனை. இன்று நுகர்வு என்றால் நுகர்வோர் நீதிமன்றம்தான் ஞாபகத்துக்கு வருகிறது, என்ன செய்வது!

இப்போது உங்கள் சாயங்காலத்தை இந்த நான்கு சொற்களில் போட்டுப் பாருங்கள். நீங்கள் அடுப்படியில் நிற்கிறீர்கள். கூடத்திலிருந்து அம்மாவின் குரல் காதில் விழுகிறது. அது ஊறு. "உங்கப்பா" என்ற சொல் முடிவதற்குள் நெஞ்சுக்குள் ஏதோ இறுகுகிறது, தாடை கெட்டிப்படுகிறது. அது நுகர்வு, கசப்பான நுகர்வு. அடுத்து, 'இந்தக் குரல் நின்று தொலைக்கக் கூடாதா' என்று ஒரு உந்தல். அது வேட்கை. ஒன்று வேண்டும் என்பது மட்டும் வேட்கையில்லை, ஒன்று இல்லாமல் போக வேண்டும் என்பதும் வேட்கைதான். அதற்கடுத்து, 'எனக்கு மட்டும் ஏன் இப்படி, அவன் ஆப்பிளை வைத்துவிட்டுத் தப்பித்துக்கொண்டான்' என்று ஒரு கதை ஓடத் தொடங்குகிறது. அது பற்று. கை அதற்கப்புறம்தான் கிளம்புகிறது.

குரல் காதில் விழுவது உங்கள் கையில் இல்லை. நெஞ்சு இறுகுவதும் உங்கள் கையில் இல்லை, ஒரு நாள் முழுக்க வகுப்பெடுத்துவிட்டு வந்த உடம்பு அது. ஆனால் கசப்புக்கும் உந்தலுக்கும் நடுவில் ஒரு சின்ன இடுக்கு இருக்கிறது. அரை நொடி இருந்தால் அதிகம். பயிற்சி என்று நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம் அந்த அரை நொடியைக் கண்டுபிடிப்பதுதான். கண்டுபிடித்தால் அமைதி வந்துவிடும் என்று சொல்லமாட்டேன். கசப்பு அப்படியே இருக்கும். அது கசப்பு என்று தெரிந்து நிற்பீர்கள், அவ்வளவுதான். கைக்கு அது போதும்.

மரபில் இந்தச் சங்கிலியை மூன்று பிறவிகளுக்கு நீட்டிப் பொருள் சொல்வதுண்டு. தாய்லாந்தில் புத்ததாசர் (1906-1993) என்றொரு துறவி இருந்தார். இது பிறவி விட்டுப் பிறவி நடப்பதில்லை, ஒரு கணத்துக்குள் நடந்து முடிவது என்றே அவர் விளக்கினார். அவர் யூடியூப் பேச்சாளர் இல்லை, காவி கட்டிக் காட்டில் வாழ்ந்தவர்.

இங்கிருந்து உங்கள் முதல் கேள்விக்கு வந்துவிடலாம். மறுபிறவியை விட்டுவிட்டு எடுத்துக்கொள்வது நேர்மையா? எதை எடுத்தோம், எதை விட்டோம் என்று ஒளிக்காமல் சொன்னால் நேர்மைதான். புத்தர் முழுப் பகுத்தறிவுவாதி, மறுபிறவியெல்லாம் பின்னால் வந்தவர்கள் செருகியது என்று சில வீடியோக்கள் அடித்துச் சொல்கின்றன. அதை நம்பாதீர்கள். பழைய பாலி நூல்களில் மறுபிறவிப் பேச்சு ஏராளமாக இருக்கிறது. 'அது எனக்குத் தெரியாது, இந்த வாழ்க்கைக்கு உதவுவதை எடுத்துக்கொள்கிறேன்' என்று சொன்னால் போதும்.

கேசபுத்தம் என்ற ஊரில் காலாமர்கள் என்ற குலத்தார் இதே மாதிரி ஒரு கேள்வியோடுதான் புத்தரிடம் வந்தார்கள். வருகிற குருவெல்லாம் தன் சரக்கே உசத்தி என்கிறார், யாரை நம்புவது என்று கேட்டார்கள். கேள்விப்பட்டதால், பரம்பரையாக வருவதால், நூலில் இருப்பதால், 'இவர் நம் குரு' என்பதால் ஏற்காதீர்கள் என்றார். நம் வீடுகளில் இந்தப் பகுதியைப் பலரும் ஒப்பிப்பார்கள். ஆனால் தர்க்கத்துக்குப் பொருந்துகிறது என்பதால் மட்டும் ஏற்காதீர்கள் என்றும் அதே பட்டியலில் இருக்கிறது. அதை மட்டும் வசதியாக விட்டுவிடுவோம். செய்து பார்த்து, அது கேடா நன்மையா என்று நீங்களே அறிந்தால், அறிவுடையோரும் அதைக் குறை சொல்லாவிட்டால், அப்போது எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே அவர் வைத்த அளவுகோல். பேச்சின் முடிவில் ஒரு கணக்கும் போட்டுக் காட்டுகிறார். மறுமை என்று ஒன்று இருந்தால் நல்லபடி வாழ்ந்தவனுக்கு அங்கே நல்லது. இல்லாவிட்டாலும் பகையும் வெறுப்பும் இல்லாமல் இங்கேயே நிம்மதியாக இருந்துவிட்டுப் போகிறான். கணக்கு டீச்சருக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

இந்தத் தேர்ந்தெடுத்தல் யூடியூபில் பிறந்ததும் இல்லை. 1898இல் அயோத்திதாசர் சென்னையில் சாக்கைய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார், சாதிக்கு வெளியே நிற்க ஓர் இடமாக. அதே சென்னையில் அறிவியல் பேராசிரியர் லட்சுமி நரசு 1907இல் அறிவுக்கு ஒத்த பௌத்தத்தை விளக்கி எழுதினார். அந்த நூலை 1948இல் முன்னுரை எழுதி மறுபடி வெளிக்கொண்டுவந்தவர் அம்பேத்கர். அந்த அம்பேத்கரே தம் கடைசி நூலின் முன்னுரையில், நான்கு உண்மைகள் (துக்கம், அதன் காரணம், அதன் முடிவு, அதற்கான வழி) புத்தர் சொன்னவைதானா, பிக்குகள் பின்னால் சேர்த்தவையா என்று துணிந்து கேட்கிறார். ஆன்மா இல்லை என்றால் கர்மாவும் மறுபிறவியும் எப்படி என்றும் கேட்கிறார். உங்கள் ஊரிலேயே 1954இல் பெரியார் பௌத்த மாநாடு நடத்தினார். உங்கள் அப்பா இருந்திருந்தால் அதைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார். மேற்கே இப்போது அதிகம் பேசப்படும் ஸ்டீபன் பேச்சலர் திபெத்திய மரபிலும் கொரிய ஜென் மரபிலும் துறவியாக இருந்துவிட்டு வெளியே வந்தவர். நான்கு உண்மைகளை நம்ப வேண்டிய கருத்துகளாகப் பார்க்காமல், செய்ய வேண்டிய நான்கு வேலைகளாகப் பாருங்கள் என்கிறார். எனக்கு அவருடைய வாசிப்பு முழுக்கச் சம்மதம் இல்லை, ஆனால் இந்த ஒரு வரி பயன்படுகிறது.

'மதச்சார்பற்ற' என்ற சொல்தான் எனக்கு ஒட்டவில்லை. தேர்தல் மேடை வாசம் அடிக்கிறது. நம்மிடம் இம்மை, மறுமை என்று இரண்டு அழகான சொற்கள் இருக்கின்றன. இம்மைப் பௌத்தம் என்று சொல்லிப் பாருங்களேன்.

அப்புறம் பொய். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்தி வைத்தது இதுதான். புதிதாக வருவதைச் சேமித்து வைக்கும் திறன் அம்மாவின் மூளையில் பழுதாகிவிட்டது. நீங்கள் நாலேமுக்காலுக்குச் சொன்னது ஐந்து மணிக்கு இருக்காது. அதனால் அவருக்கு ஒவ்வொரு தடவையும் அது முதல் செய்திதான். ஒரு சாயங்காலத்தில் இருபது முறை அவர் விதவையாகிறார். உண்மை பேசுகிறோம் என்ற உங்கள் நேர்மைக்கு அம்மா கொடுக்கும் விலை இது.

அபயன் என்ற இளவரசன் புத்தரை மடக்குவதற்காக, பிறருக்குப் பிடிக்காததை நீங்கள் பேசுவீர்களா என்று கேட்டான். அவன் மடியில் ஒரு குழந்தை படுத்திருந்தது. இந்தக் குழந்தை குச்சியையோ கல்லையோ வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வாய் என்று திருப்பிக் கேட்டார். ரத்தம் வந்தாலும் விரலை விட்டு எடுப்பேன், அதன்மேல் இரக்கம் இருப்பதால் என்றான். அப்போது தம் பேச்சுக்கான விதியைச் சொன்னார். உண்மையில்லாததைப் பேசுவதில்லை. உண்மையாக இருந்தும் பயனில்லாததைப் பேசுவதில்லை. உண்மையாகவும் பயனுள்ளதாகவும் இருந்தால், அது கசப்போ இனிப்போ, நேரம் பார்த்துப் பேசுவது.

உங்கள் வாக்கியம் உண்மை. பயனும் இல்லை, நேரமும் இல்லை. அதற்காகப் பொய் சொல்லச் சொல்லவில்லை. அம்மா கேட்பது அப்பா எங்கே என்ற விவரத்தை இல்லை. பொழுது சாய்கிறது, வீட்டுக்கு வர வேண்டியவர் வரவில்லை, பயமாக இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லுங்கள். "அப்பா ஞாபகமாவே இருக்காம்மா?" என்று பக்கத்தில் உட்காருங்கள். "சந்தையிலிருந்து வர்றப்ப அப்பா என்ன வாங்கிட்டு வருவாரு?" என்று கேளுங்கள். பழைய ஞாபகம் இன்னும் இருக்கும், அதில் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வருவார். எதுவும் வராத நாளில் "இன்னும் வரலைம்மா" என்று சொல்லுங்கள். அது உண்மைதானே.

பத்து நாள் முகாம் உங்களுக்கு இப்போது வேண்டாம். போகிறவர்கள் போகட்டும், நல்லதுதான். கவனத்தைப் பற்றிய மூல உரையில், நடப்பது, நிற்பது, உண்பது, ஆடை உடுத்துவது, மலம் கழிப்பது வரை எல்லாமே பயிற்சிக்கான இடமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. தனி அறையும் மெத்தையும் தேவையென்றால் பாத்ரூமை அதில் சேர்த்திருக்க மாட்டார்கள். காலையில் பத்து நிமிடம் உட்கார்ந்து மூச்சைக் கவனியுங்கள். மனம் ஓடும். எனக்கு ஐந்தாவது நிமிடத்தில் கேஸ் சிலிண்டர் புக் செய்யாதது ஞாபகம் வரும், பல வருடமாக. ஓடியது தெரிந்து திரும்பி வருவதுதான் பயிற்சி. பகலில் சின்னக் கசப்புகளில் பழகுங்கள். பன்னீர்செல்வம் பார்க் சிக்னலில் பச்சை விழுவதற்குள் பின்னாலிருந்து ஹாரன் அடிக்கிறார்களா? 'கசக்குது' என்று மனதுக்குள் ஒரே ஒரு சொல். ஒரு மூச்சு வெளியே. அப்புறம் வண்டியை எடுங்கள். ஏழாம் வகுப்பின் கடைசி பெஞ்ச் சத்தத்திலும் இதையே செய்யலாம். சாயங்காலம் அம்மாவிடம் முதல் வாரம் பத்துக்கு ஒன்று பிடிபட்டால் நல்ல மதிப்பெண். மற்ற ஒன்பதுக்கு உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள், அது கூடுதலாக ஒரு பற்று.

மகளின் கேள்வி கெட்டிக்காரத்தனமான கேள்வி. அவளிடம் இப்படிச் சொல்லலாம்: விட வேண்டியது பாட்டியை இல்லை, பழைய பாட்டி திரும்பி வர வேண்டும் என்ற பிடியை. அந்தப் பிடி எப்படி இருக்கும் என்று நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். "இன்னிக்கு என்ன கிழமை, சொல்லு பாக்கலாம்?" "இது யாருன்னு தெரியுதா?" என்று நாள் தவறாமல் பரீட்சை வைப்பார்கள். நீங்கள் ஆசிரியை வேறு, கட்டாயம் வைத்திருப்பீர்கள். அம்மா ஒவ்வொரு முறையும் ஃபெயில், நீங்கள் ஒவ்வொரு முறையும் அழுகை. அந்தப் பரீட்சையை நிறுத்துங்கள். பற்றை விடுவது என்றால் உங்கள் வீட்டில் அது இவ்வளவுதான்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். பௌத்தம் என்றதும் பொறுத்துப் போவது என்று நினைத்துக்கொள்கிறோம். துறவிகளின் ஒழுங்கு விதிகளைச் சொல்லும் வினய நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. வயிற்றுப்போக்கில் ஒரு துறவி தன் மலமூத்திரத்திலேயே கிடக்கிறார், யாரும் கவனிக்கவில்லை. புத்தரும் அவருடைய அணுக்கச் சீடர் ஆனந்தரும் வருகிறார்கள். புத்தர் தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் கழுவுகிறார். இருவரும் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைக்கிறார்கள். எனக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்று அதற்கப்புறம் சொன்னதைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். நான் விரும்புவது அதை அடுத்து வரும் பகுதியை. பார்த்துக்கொள்வதற்குக் கஷ்டமான நோயாளி என்று ஒருவர் உண்டு என்று அங்கே ஒளிக்காமல் சொல்லப்படுகிறது. மருந்து சாப்பிட மாட்டார், தனக்கு ஒத்துக்கொள்வதைச் செய்ய மாட்டார், என்ன செய்கிறது என்று பார்த்துக்கொள்பவரிடம் சொல்ல மாட்டார். அம்மாவைப் பார்த்துக்கொள்வது கஷ்டம் என்று சொல்வதில் பாவம் ஏதும் இல்லை. இன்னொன்று, தூக்கியவர்கள் இரண்டு பேர். தனி ஆளால் தூக்க முடியாது.

தம்பியிடம் 'நீ கவனிக்கவே மாட்டேங்கிற' என்று ஆரம்பித்தால் சண்டையில் முடியும். எண்களோடு பேசுங்கள். மாதம் இரண்டு சனி, ஞாயிறு அவன் இங்கே வந்து தங்க வேண்டும். சாயங்காலம் மூன்று மணி நேரம் துணைக்கு ஓர் ஆள் போட்டால் சம்பளத்தில் பாதி அவனுடையது. அந்த இரண்டு நாளில் நீங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. ஆப்பிளைக் குறை சொல்லாதீர்கள், அதை வாங்கும்போது அவனுக்கும் ஏதோ குற்ற உணர்ச்சி இருந்திருக்கும். பேசப் போவதற்கு முன் ஒரு நிமிடம், பேசும்போது ஒரு தடவை, பேசி முடித்த பின் ஒரு தடவை, இது எனக்கோ அவனுக்கோ கெடுதல் செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புத்தர் தம் மகன் ராகுலனுக்குச் சொன்ன பாடம் அது.

இப்போது அந்த டாக்டர் விஷயம். ஒரு மாதமாகத் தூக்கம் கெட்டிருக்கிறது என்றால் மூச்சுப் பயிற்சியோடு நிறுத்தாதீர்கள். மனநல மருத்துவரை ஒருமுறை பாருங்கள். காலையில் எழவே பிடிக்கவில்லை, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் அதே நாளில் பாருங்கள், அல்லது 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். அமெரிக்காவில் 1979இல் ஜான் கபாட்-ஜின் தியானத்தை மருத்துவமனைக்குள் கொண்டுவந்து எட்டு வாரப் பயிற்சியாக்கினார். அவரும் அதை மருத்துவத்தோடு சேர்த்துத்தான் வைத்தார். கண்ணை மூடி உட்கார்ந்தால் படபடப்பு கூடுகிறது என்றால் கண்ணைத் திறந்துகொண்டு செய்யுங்கள், அப்படியும் கூடினால் நிறுத்திவிடுங்கள். அம்மாவுக்கு பி12, தைராய்டு பார்த்தாகிவிட்டதா என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். திடீரென்று ஒருநாள் குழப்பம் அதிகமானால் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

மறதி நோய் உள்ள பலருக்குப் பொழுது சாயும் நேரம் ஆகாது. வெளிச்சம் குறைந்து நிழல் நீளும்போது பதற்றம் கூடும். அதனால் அஞ்சரை மணிக்கே கூடத்து விளக்கைப் போட்டுவிடுங்கள், ஜன்னல் திரையை இழுத்துவிடுங்கள். டீயை அந்த நேரத்துக்குத் தள்ளி வையுங்கள், சர்க்கரை அளவு அவர் மருத்துவர் சொன்னபடி. கையில் ஏதாவது வேலை கொடுங்கள், பூண்டு உரிப்பது, துணி மடிப்பது என்று. மடித்தது கோணலாக இருந்தால் அவர் பார்க்கும்போது திருத்தாதீர்கள்.